பர்லியார் ஏற்றத்தில் கார் ஹீட் ஆனபோது

டொராண்டோவிலிருந்து ஜூலையில் ஊருக்கு வந்திருந்தேன். மேட்டுப்பாளையத்தில் மச்சானின் பத்து வருஷப் பெட்ரோல் காரில் குடும்பமாக ஊட்டிக்குக் கிளம்பினோம். கல்லாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் டெம்பரேச்சர் முள் மேலே போக ஆரம்பித்தது. ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுசாக வைத்தேன். எஞ்சின் சூட்டைக் கொஞ்சமாவது இழுத்துக்கொள்ளும். அப்படியும் பர்லியார் வருவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

மச்சான் இறங்கின வேகத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன். அழுத்தத்தில் இருக்கிற கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும், யாரும் இதைச் செய்யாதீர்கள். மங்குஸ்தான் கடை நிழலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். நன்றாக ஆறிய பிறகு பார்த்தால் ரேடியேட்டரில் பாதித் தண்ணீர் இல்லை.

"ஒரு மாசமா இப்படித்தான் குறையுது மாப்ளே. கீழ ஒரு சொட்டு ஒழுகறதில்லை" என்றார். கோவையில் ஒரு பட்டறையில் இதைக் கேட்டதுமே ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல் பாகத்துக்கு அடியில், தண்ணீரும் எண்ணெயும் வாயுவும் கலக்காமல் அடைக்கும் தகடு) போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும், முப்பதாயிரம் ஆகும் என்றார்களாம். காரை விற்றுவிடலாம் என்ற முடிவில் இருந்தார்.

தண்ணீர் ஊற்றி, நடுவில் இரண்டு முறை நிறுத்தி, குன்னூர் சேர்ந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்னப் பட்டறை. அங்கிருந்த மெக்கானிக்குக்கு முப்பது வயது இருக்கும். ஹெட் கேஸ்கெட் என்று மச்சான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "இருக்கலாம்ங்கண்ணா. பாத்துட்டுச் சொல்றேனே."

அவர் பார்த்த முறையைத்தான் எழுத உட்கார்ந்தேன். எண்ணெய் மூடியைக் கழற்றி உட்புறத்தைக் காட்டினார். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் பால் மாதிரி இருக்குமாம், அப்படி ஏதும் இல்லை. ரேடியேட்டர் வாயைத் திறந்தபடியே எஞ்சினை ஓட விட்டார். கேஸ்கெட் போயிருந்தால் எஞ்சின் வாயு தண்ணீரில் புகுந்து விடாமல் குமிழி வருமாம், அதுவும் வரவில்லை. சூடேறியதும் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் சூடு, ஆகவே சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கிறது. ஃபேனும் தானாகச் சுற்றியது. அப்புறம் கைப்பம்பு போன்ற ஒரு கருவியை ரேடியேட்டர் வாயில் மாட்டிக் காற்றடித்தார். பத்து நிமிஷம் முள் அசையவே இல்லை. எங்கும் கசிவு கிடையாது.

கடைசியில் அதே கருவியில் ரேடியேட்டர் மூடியை மாட்டினார். 0.9 பார் அழுத்தம் வரை தாங்க வேண்டிய மூடி, அதில் பாதி வருவதற்குள் காற்றை விட்டுவிட்டது. ஸ்ப்ரிங் தளர்ந்து ரப்பர் வெடித்திருந்தது.

கீழே ஓடும்போது பெரிதாகத் தெரியாத கோளாறு மலையில் ஏன் வந்தது என்பதும் அப்போது புரிந்தது. குன்னூர் 1,850 மீட்டர் உயரம், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மூடி சரியாக அழுத்தம் பிடித்தால்தான் கொதிநிலை 115 வரை போகும். இரண்டாம் கியரில், காற்றோட்டம் இல்லாமல் ஏறும் எஞ்சினுக்கு அந்த இடைவெளிதான் பாதுகாப்பு. அது போனதும் கொதித்து, ரிசர்வ் டப்பா வழியாக ஆவியாகவே வெளியேறியிருக்கிறது. ஒழுகாமல் குறைந்தது அதனால்தான்.

புது மூடி, கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,700 ரூபாய். காரின் மூக்கு மேடு பார்க்க நிறுத்தி, ஹீட்டரைப் போட்டு, உள்ளே சிக்கிய காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகே சாவியைக் கொடுத்தார். வெறும் தண்ணீர் ஊற்றினால் உள்ளே துருப்பிடிக்கும் என்று மச்சானிடம் இரண்டு தடவை சொன்னார்.

வெலிங்டன், அருவங்காடு, கேத்தி என்று ஊட்டி வரை முள் நடுவிலேயே இருந்தது. மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருந்தபோது டப்பாவைப் பார்த்தோம். கூலன்ட் அதே கோட்டில் நின்றது. மச்சான் காரை விற்கும் பேச்சை எடுக்கவில்லை.