திருமலையிலிருந்து பண்டாரவளைக்கு ‘ஆதிமனிதன்’ வான் பயணம்: போகலாமா?

திருமலையில் (திருகோணமலையில்) ஒரு பயண ஏற்பாட்டாளர் (பெயர் வேண்டாம்) வார இறுதியில் பண்டாரவளை, எல்ல பக்கம் வான் விடுகிறார். விளம்பரத்தில் ‘ஆதிமனிதன் வாழ்ந்த மலை’ என்று போட்டிருந்ததால்தான் குடும்பத்தோடு ஏறினோம். வான் பிரமாதம், ஆதிமனிதன் சுமார்.

கண்டி நெரிசலில் மாட்டாமல் கந்தளாய், ஹபரணை, பொலன்னறுவை, மகியங்கனை, பதுளை என்று போகிறார்கள். மலை ஏறும் வளைவுகளில் டிரைவர் அண்ணன் ஒரு இடத்திலும் அவசரப்படவில்லை, பின்சீட்டில் இருந்த அம்மாவுக்கு வாந்தி வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் இடியப்பமும் சொதியும் பார்சல், சூடு ஆறுவதற்குள் கைக்கு வந்தது.

கைட் தம்பி தேயிலை, ஒன்பது வளைவுப் பாலம், தெமோதரை ரயில் வளையம் எல்லாம் நன்றாகவே சொன்னார். எல்லயில் இராவணன் குகைக்கு ஏற்றி, சீதையை ஒளித்து வைத்த கதையையும் சொன்னார். இராவணன் வெட்டும் கன்னியா வெந்நீர் ஊற்றும் வைத்திருக்கும் ஊர்க்காரருக்கு இராவணன் கதை சொல்ல இவ்வளவு தூரம் கூட்டிப்போக வேண்டுமா? அதே குகையில் கற்கால மனிதர் வாழ்ந்த தடயம் கிடைத்திருக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பண்டாரவளை நகரில் இன்னும் மோசம். சந்தையில் இறக்கிவிட்டு, கரட்டும் லீக்ஸும் வாங்க நேரம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் அளவில் இருக்கும் இந்தச் சின்ன மாநகர சபை ஊரின் பெயர் இலங்கைத் தொல்லியலில் பெரியது. சுற்றியிருக்கும் புல் மூடிய குன்றுகளின் உச்சியில்தான் வேட்டையாடிகள் உட்கார்ந்து குவார்ட்ஸ், செர்ட் என்ற கடினமான கற்களை உடைத்து, விரல் நுனி அளவில் பிறை, முக்கோண வடிவில் நுண்கற்கருவிகள் செய்தார்கள். சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களும் உறவினர்களுமான பவுல் சரசினும் ஃபிரிட்ஸ் சரசினும் 1907இல் இலங்கைக்கு வந்து கற்காலத்தைத் தேடினார்கள். பண்டாரவளைக் கருவிகளைப் பற்றி நூன் என்ற பெயருள்ள இருவர் 1940இல் விரிவாக எழுதினார்கள். திறந்த குன்றின் அமில மண்ணில் எலும்பு தங்காது, கல்தான் மிஞ்சும். அதனால் அந்த மனிதர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை பட்டதொம்பலென போன்ற குகைகளில் கிடைத்த எலும்புகளை வைத்துத்தான் சொல்கிறார்கள். அங்கே இந்த மாதிரி நுண்கருவிகள் ஏறக்குறைய 28,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கின்றன. ஐரோப்பாவில் இவை பரவலானது அதற்கு வெகு காலம் பிறகு. இதில் பாதியைச் சொல்லியிருந்தாலே பிள்ளைகள் போனை வைத்துவிட்டுக் கேட்டிருப்பார்கள்.

எங்கள் பெரியவன் கேட்டும் பார்த்தான். “இங்கே கல் ஆயுதம் எங்கே அண்ணா?” “அதெல்லாம் கொழும்பு மியூசியத்தில தம்பி.” சரி, கருவிகளை அங்கே பார்க்கலாம், ஆனால் குன்று இங்கேதானே இருக்கிறது? ஏறி நின்று, ஏன் இந்த உச்சியைத் தேர்ந்தார்கள் என்று காட்டக் காசு ஒன்றும் ஆகாது.

குளிருக்கும் பாலத்துக்கும் போகிறவர்கள் யோசிக்காமல் பதியலாம், கொடுத்த காசுக்கு மேலேயே செய்கிறார்கள். கற்காலத்துக்காகப் போகிறவர்கள் முன்கூட்டியே பேசி, சந்தை நேரத்தைக் குறைத்து ஒரு குன்றுக்கு ஏற்றச் சொல்லுங்கள், டிரைவர் அண்ணன் மறுக்கிற ஆள் இல்லை. அப்புறம், குன்றில் கல் கிடந்தால் பொறுக்கிப் பையில் போடாதீர்கள், தொல்பொருள் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஐந்துக்கு மூன்றரை, அதில் மூன்று டிரைவருக்கு.