அணைத்த பிறகும் மினுங்கும் எல்.ஈ.டி. விளக்குகள்: 46,500 ரூபாய் போனது, நீங்களாவது கவனம்

கொழும்பு புறக்கோட்டையில் மின்சாரப் பொருட்கள் விற்கும் ஒரு பெரிய கடையில், உள்ளே சிறு விளக்கு எரியும் சுவிட்சுகளையும் எல்.ஈ.டி. மின்குமிழ்களையும் ஒரே பற்றுச்சீட்டில் வாங்கி 46,500 ரூபாயை இழந்து நிற்கிறேன். இன்று காலை அந்தக் கடை முதலாளி, "இனி இதைப் பற்றிக் கதைக்க இங்க வராதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட்டார். நான் வெளியேறும்போது அதே சுவிட்சுகளை அதே உறுதிமொழியுடன் இன்னொரு குடும்பத்துக்கு எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதால்தான் ஆத்திரம் அடங்குவதற்கு முன்பே இதை எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடி வீட்டில் அம்மாவுக்குக் கண்பார்வை மங்கி வருவதால், அவர் இரவில் எழும்பும்போது சுவரைத் தடவாமல் சுவிட்ச் இருக்கும் இடம் தெரிய வேண்டும் என்பதே என் தேவையாக இருந்தது. அதைத் தெளிவாகச் சொல்லி, எல்லா அறைகளுக்கும் எல்.ஈ.டி.தான் போடப்போகிறேன், இந்தச் சுவிட்சுகளுக்கு அவை பொருந்துமா என்றும் கேட்டேன். விற்பனைக்கு நின்ற தம்பி முதலில் எங்கள் சொந்த ஊரை விசாரித்தார், தானும் அந்தப் பக்கம்தான் என்றார், பிறகு, "அக்கா, உங்களுக்குப் பிழையான சாமானைத் தருவேனா? ரெண்டும் ஒண்டுக்கொண்டு நல்லாப் பொருந்தும்" என்று சொல்லி, மேசையில் இருந்த சோதனைப் பலகையில் மின்குமிழைப் பொருத்தி எரித்தும் காட்டினார். அந்தப் பலகையில் இருந்தது சாதாரணச் சுவிட்ச். மின்குமிழ் எரிகிறது என்பதை மட்டுமே அது காட்டியது. நான் வாங்கிய சுவிட்சில் அது அணையுமா என்பதை அது காட்டவே இல்லை. அந்த ஒரு நிமிட நம்பிக்கையில்தான் 46,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் பொருத்திய அன்றிரவே அம்மாவின் அறையில் அணைத்த விளக்கு விட்டு விட்டு மின்னத் தொடங்கியது. கூடத்தில் இருந்த மின்குமிழ்கள் அணையாமல் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தன. நிம்மதியாகத் தூங்க வேண்டியவர் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்தார்.

கடைக்குப் போனால் ஒவ்வொரு முறையும் வேறொரு பதில். புதுச் சாமான் என்றால் தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும், சில நாள் போகட்டும் என்றார்கள். பிறகு வேறு நிறுவனத்தின் மின்குமிழை வாங்கிப் பாருங்கள் என்றார்கள். அதன்பின், வீட்டு வயரிங் பிழை, கட்டடம் கட்டியவரைப் போய்க் கேளுங்கள் என்றார்கள். வாரண்டியைக் காட்டியபோது, "அது எரியாமப் போனாத்தான், உங்கடது எரியுதுதானே" என்று பதில் வந்தது. அணைய வேண்டிய நேரத்தில் எரிவதுதான் என் முறைப்பாடு என்பதைக் கேட்கக்கூட அங்கே ஆளில்லை. எங்களுக்கு ஊர் உறவு சொன்ன தம்பியோ என்னைக் கண்டதும் களஞ்சியப் பக்கம் போய்விடுவார்.

கடைசியில் நம்பிக்கையான ஒரு மின்னியலாளரை அழைத்துக் காட்டினேன். அவர் செய்த முதல் வேலை, மின்னோட்டமுள்ள கம்பிதான் சுவிட்ச் வழியாகப் போகிறதா என்று சோதித்தது. நியூட்ரல் கம்பியில் சுவிட்சைப் போட்டிருந்தாலும் எல்.ஈ.டி. இப்படி மங்கலாக எரியக்கூடும் என்றார். எங்கள் வயரிங் சரியாகவே இருந்தது. அடுத்து அம்மாவின் அறைச் சுவிட்சைக் கழற்றி, உள்ளே இருந்த சிறு நியோன் விளக்கை மட்டும் நீக்கினார். மினுங்கல் அந்தக் கணமே நின்றது. கடைக்காரர் சொன்ன அத்தனை பதில்களும் பொய் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

அவர் விளக்கியது இதுதான். அந்தச் சிறு விளக்கு, ஒரு மின்தடையுடன் சேர்த்துச் சுவிட்சின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே இணைக்கப்பட்டிருக்கிறது. சுவிட்சை அணைத்தாலும் அதன் வழியாக ஒரு மில்லி அம்பியருக்கும் குறைவான மின்னோட்டம் மின்குமிழுக்குள் போய்த்தான் சுற்று முழுமையாகிறது. 230 வோல்ட்டில் 60 வாட் பழைய இழை மின்குமிழ் ஏறத்தாழ 260 மில்லி அம்பியர் எடுக்கும் என்பதால் அந்தத் துளி மின்னோட்டத்தால் இழை சூடாகாது. பழைய காலத்தில் இந்தச் சுவிட்சுகளால் தொல்லை வராததற்கு அதுவே காரணம். எல்.ஈ.டி. மின்குமிழுக்குள் இருக்கும் மின்தேக்கியோ அந்தத் துளிகளைச் சேர்த்து வைத்து, போதிய அழுத்தம் வந்ததும் ஒரு தரம் மின்னி, வெறுமையாகி, மறுபடியும் சேர்க்கத் தொடங்குகிறது. இவ்விரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளில் வைத்து விற்கும் கடைக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

இதையெல்லாம் இன்று முதலாளியிடம் சொன்னபோது, சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு கண்டென்சரை, அதாவது மின்தேக்கியை, போடச் சொன்னார். அப்படிப் போட்டால் கசியும் மின்னோட்டம் இன்னும் கூடும்! போடுவதானால் மின்குமிழின் பக்கத்தில், அதற்கு இணையாக, வீட்டு மின்சாரத்தில் நேரடியாகப் போடுவதற்கென்றே செய்த 275 வோல்ட் எக்ஸ் 2 வகையைத்தான் போட வேண்டும் என்று மின்னியலாளர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். அறியாத ஒருவர் முதலாளியின் பேச்சைக் கேட்டு மலிவான ஏதோவொன்றைச் சுவருக்குள் வைத்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் இருக்கிறது. 46,500 ரூபாயை வாங்கிக்கொண்டு இப்படி ஓர் ஆலோசனை!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது அதற்கு மனம் ஒத்துழைக்கவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். ஒளிரும் சுவிட்சுடன் எல்.ஈ.டி. வாங்குவதானால், அதே சுவிட்சில் அதே மின்குமிழைப் பொருத்தி, அணைத்துவிட்டுச் சில நிமிடங்கள் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். ஒன்றிரண்டை மட்டும் முதலில் வாங்குங்கள். மின்னும் விளக்கைக் கழற்றும்போது சுவிட்சை நம்பாமல் பிரதான ஆளியை அணையுங்கள், ஏனெனில் மின்குமிழைப் பொருத்தும் தாங்கியில் மின்னழுத்தம் இருக்கும். பற்றுச்சீட்டை எறிய வேண்டாம்: 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூல முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தொலைபேசி இலக்கம் 1977. என்னுடைய முறைப்பாட்டை நாளை காலை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்; அந்தக் கடையிலோ வேறெங்கோ இதே அனுபவம் உங்களுக்கும் நேர்ந்திருந்தால், பற்றுச்சீட்டுடன் நீங்களும் கொடுங்கள்.