ஒவ்வாமைக் கண் நோயுள்ள பிள்ளைக்குச் சொட்டு மருந்து: எங்கள் நீண்டகால அனுபவம்

ஒலோபட்டாடின் 0.1 சதவீதக் கண் சொட்டு மருந்தை எங்கள் மகன் ஒவ்வாமைக் கண் நோய்க்காகச் சில ஆண்டுகளாகக் காலையும் மாலையும் பயன்படுத்தி வருகிறான். இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்துக் குளிரிலும் ஈரத்திலும் இதே நோயுள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோருக்கு உதவும் என்றே இதை எழுதுகிறேன்.

ஓயாத அரிப்பு, நூல் போல இழுபடும் பீளை, வெயிலைப் பார்த்தால் கூச்சம் ஆகியவையே அவனுக்கு இருந்த அறிகுறிகள். கிளினிக்கில் வைத்தியர் மேல் இமையைப் புரட்டி, உட்புறத்தில் இருந்த தடித்த மேடுகளைக் காட்டினார். இது வெர்னல் கெரட்டோகன்ஜங்டிவைட்டிஸ் என்ற ஒவ்வாமைக் கண் நோய், தொற்றும் கண் நோய் அல்ல. கிருமிக்கொல்லிச் சொட்டு மருந்து இதற்குப் பயன்படாது. பெரும்பாலும் பத்து வயதுக்குள், பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கே அதிகமாகத் தொடங்கும் இந்நோய், பருவ வயதைத் தாண்டும்போது பொதுவாகத் தணிந்துவிடும். ஆனால், அதுவரை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தால் கார்னியா (கண்ணின் முன்புறத் தெளிந்த படலம்) மெலிந்து கூம்பு போலப் பிதுங்கி, பார்வை நிரந்தரமாகக் குறையக்கூடும். அரிப்பை அடக்குவது அதனால்தான் அவசியமாகிறது.

முதலில் தந்த சோடியம் குரோமோகிளைகேட் என்ற சொட்டு மருந்தை நாளுக்கு நான்கு வேளை விட வேண்டியிருந்தது. பாடசாலை நாட்களில் மதிய வேளை தவறியது. அந்த மருந்தோ தொடர்ந்து விட்டால்தான் பலன் தரும். ஒலோபட்டாடினுக்கு இரண்டு வேளை போதும் என்பதே பள்ளிப் பிள்ளைக்குப் பெரிய வசதி. அது, ஒவ்வாமையில் அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளின் வேலையைத் தடுப்பதோடு, அதை வெளியிடும் கலங்களையும் அடக்குவதால், அரிப்பு சில நிமிடங்களிலேயே குறைகிறது. விட்டவுடன் சிறிது எரியும், உடனே அடங்கிவிடும். ஜனவரியில் தூசியும் காற்றும் கூடுவதற்கு முன்பே தொடங்கி, கண் சிவப்பு நீங்கி வெளுத்த பிறகும் நிறுத்தாமல் விட்ட ஆண்டுகளில் அவன் நன்றாகவே இருந்தான்.

கடுமையான காலங்களில் ஃபுளோரோமெத்தலோன் என்ற ஸ்டீரொய்ட் சொட்டு மருந்தும் தேவைப்பட்டது. அதைக் குறுகிய காலத்துக்கு, படிப்படியாகக் குறைத்து, கண் அழுத்தத்தை அளந்து பார்த்தபடியே தந்தார்கள். வழமையாக 10 முதல் 21 மில்லிமீற்றர் பாதரச அளவில் இருக்கும் அந்த அழுத்தம், ஸ்டீரொய்டால் பிள்ளைகளுக்கு வலியே தெரியாமல் ஏறக்கூடும், கண்புரையும் வரலாம். கண் விரைவில் வெளுத்துவிடுவதால் பெற்றோர் இந்த மருந்தையே நம்பத் தொடங்குகிறார்கள். வைத்தியரின் மருந்துத் துண்டு இல்லாமலே இன்னொரு போத்தல் தர ஒரு பார்மசியில் முன்வந்தார்கள், நாங்கள் வாங்கவில்லை. தயவுசெய்து நீங்களும் வாங்காதீர்கள்.

அடம்பிடிக்கும் பிள்ளைக்கு மருந்து விடுவதற்கு எங்களுக்குக் கைகொடுத்த முறை இது. மல்லாக்கப் படுக்க வைத்து, கண்களை மூடச் சொல்லி, மூக்கோரத்து மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பின்னர் கண்ணைத் திறக்கச் சொன்னால் மருந்து தானாக உள்ளே போகும். அதன்பின் அந்த மூலையை ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். கண்ணில் ஒரு சொட்டுக்கு மேல் தங்காது; இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். வேறு சொட்டு மருந்தும் இருந்தால் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். திறந்த திகதியைப் போத்தலில் எழுதி வைத்து, நான்கு வாரத்தில் எறிந்துவிடுகிறோம்.

நந்தியாவட்டைப் பூச்சாறும் தாய்ப்பாலும் விடலாம் என்று அம்மாயி அன்போடுதான் சொன்னார். புண்பட்ட கண்ணில் அவை கிருமித்தொற்றை உண்டாக்கலாம் என்று வைத்தியரே விளக்கிய பிறகு அவரும் ஏற்றுக்கொண்டார். விறகடுப்புப் புகையிலிருந்து பிள்ளையின் படுக்கையைத் தள்ளிப் போட்டதும், கம்பளியை அடிக்கடி வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட்டதும் நல்ல பலன் தந்தன. இவை மருந்துக்குத் துணை மட்டுமே.

கண்ணில் வலி எடுத்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியாவிட்டாலோ கார்னியாவில் புண் உண்டாகியிருக்கலாம் என்பதால், அன்றே கண் வைத்தியரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். வரும் வறட்சிக் காலத்திலும் ஸ்டீரொய்ட் தேவைப்பட்டால் சைக்குளோஸ்போரின் சொட்டு மருந்துக்கு மாற்றுவது பற்றி வைத்தியர் பேசியிருக்கிறார். அது கண் அழுத்தத்தை ஏற்றாது, ஆனால் முழுப் பலன் தர வாரக்கணக்காகும். ஆகவே, அடுத்த கிளினிக்கில் அதை எப்போது தொடங்குவது என்றே முதலில் கேட்கப்போகிறோம்.