ஏர்ல் கிரே, மல்லிகை டீ: வீட்டுக்கு எது, அலுவலகத்துக்கு எது?

இரண்டுமே மணமூட்டிய டீதான், ஆனால் மணம் வரும் வழி வேறு. ஏர்ல் கிரே என்பது கறுப்புத் தேயிலையோடு பெர்கமாட் பழத்தோலின் எண்ணெயைச் சேர்ப்பது. எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த அந்தப் பழம் பெரும்பாலும் இத்தாலியின் கலாப்ரியாவில் விளைகிறது. நல்ல மல்லிகை டீயில் எண்ணெயே கிடையாது. மொட்டுகளைப் பச்சைத் தேயிலையோடு கலந்து வைப்பார்கள்; இரவில் மொட்டு விரிய விரிய இலை மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பூவை எடுத்துவிட்டு, மறுபடியும் புதுப் பூ. உயர்ந்த ரகங்களுக்கு இதைப் பலமுறை செய்வார்கள். எனக்கு இந்தப் பொறுமை மீது பெரிய மரியாதை உண்டு.

அலுவலகத்துக்கு ஏர்ல் கிரேதான் சரி. கொதிநீர் போதும், 3 முதல் 4 நிமிடம். வேலைக்கு நடுவே கொஞ்சம் கூடுதலாக ஊறிவிட்டாலும் பால் சேர்த்துச் சமாளிக்கலாம்.

மல்லிகை டீ அப்படி விடாது. சுமார் 80 டிகிரி செல்சியஸ் நீர், 2 நிமிடம். தாண்டினால் கசப்பு ஏறி மணத்தை அமுக்கிவிடும். அதனால் இது வீட்டுக்கு.

ருசித்து மதிப்பிடும்போது சர்க்கரை வேண்டாம். முதலில் உலர்ந்த இலையை முகருங்கள், அப்புறம் ஊறிய இலையை. மல்லிகை டீயின் தரம் தெரிய வேண்டுமா? அதே இலையில் இரண்டாம் முறை நீர் ஊற்றுங்கள். செயற்கை மணம் பெரும்பாலும் முதல் கோப்பையோடு போய்விடும். பூவால் மணமேற்றியது இரண்டாவதிலும் மெதுவாக வரும். இரண்டையும் தனித்தனி டப்பாவில் வையுங்கள், தேயிலை பக்கத்து மணத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.