நேட்டாலில் .243 ரைஃபிளோடு மான் வேட்டை: பல குளிர்காலங்களுக்குப் பிறகு

என்னிடம் இருப்பது ஹோவா 1500 ரைஃபிள், .243 வின்செஸ்டர் கேலிபர் (இந்த எண் ஏறத்தாழ குண்டின் விட்டம், அங்குலத்தில்), 22 அங்குலக் குழாய். அதற்கு முன் ஒரு .223 ரெமிங்டன் வைத்திருந்தேன். இரண்டையும் தென்னாப்பிரிக்காவின் க்வாசுலு-நேட்டாலிலும், வாய்ப்புக் கிடைத்தபோது ஃப்ரீ ஸ்டேட் மாகாணம், வறண்ட கரூ சமவெளிப் பக்கமும் பல குளிர்காலங்கள் தோளில் சுமந்திருக்கிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சொந்தக்காரப் பையன்களும் கோயிலில் பார்க்கிற சிநேகிதர்களும் திரும்பத் திரும்பக் கேட்பது, இந்தச் சின்னத் தோட்டா மானுக்குப் போதுமா என்பதுதான். பிளெஸ்பக் அளவு வரைக்கும் .243 தாராளமாகப் போதும். .223 சிலர் கையில் மட்டும் போதும்.

இங்கே நாங்கள் அடிப்பது பெரும்பாலும் கொம்பு உதிராத இனங்கள்: ஸ்பிரிங்பக், இம்பாலா, பிளெஸ்பக், புஷ்பக், நியாலா. வருடாவருடம் கொம்பு உதிர்ந்து முளைக்கிற அசல் மானென்றால், வெளியிலிருந்து கொண்டுவந்து சில பண்ணைகளில் பெருகிய ஃபேலோ மான்தான் இருக்கிறது. எடையைப் பார்த்தால் ஸ்பிரிங்பக் 30 முதல் 45 கிலோ, இம்பாலாக் கிடா 60 கிலோ சுமார், பிளெஸ்பக் 70 கிலோவைத் தொடும். நியாலாக் கிடா 100 கிலோவைத் தாண்டும், குடுக் கிடா 200-க்கும் மேல். இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் இம்பாலாவைப் புள்ளிமான் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே 1972 வனவிலங்குச் சட்டப்படி அதைத் தொட்டாலே சிறை. இங்கே 1991-இல் வந்த சட்டப்படி, முறையாக வேலி போட்ட நிலத்தில் இருக்கும் விலங்கு பண்ணைக்காரருக்கே சொந்தம். அவருக்குப் பணம் கட்டி, மாகாண விதிப்படி அனுமதி எடுத்து அடிக்கிறோம்.

சின்னக் கேலிபர் என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட முடியாது. .22 ரிம்ஃபயர் என்கிற மிகச் சின்னத் தோட்டா குழாய் வாயில் தருவது சுமார் 190 ஜூல் ஆற்றல். முயலுக்கு அது சரி. மானை அதால் சுடுவது சித்திரவதை. .223, 55 கிரெயின் குண்டோடு (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு, சுமார் 15 சேர்ந்தால் ஒரு கிராம்) 1700 ஜூலுக்குச் சற்று மேல். .243, 100 கிரெயின் குண்டோடு சுமார் 2600. ஒப்பிட .308 என்கிற பெரிய தோட்டாவை எடுத்தால் 3500-ஐத் தாண்டும். .243 என்பது 1955-இல் அந்த .308 தோட்டாவின் கழுத்தைச் சுருக்கிச் செய்ததுதான். மருந்து ஏறக்குறைய அதே அளவு, குண்டு மட்டும் இளைத்தது.

எது போதும் என்பதில் நாடுகளே ஒத்துப்போவதில்லை. இங்கிலாந்தில் 1991 மான் சட்டம் பெரும்பாலான மான்களுக்குக் குறைந்தது .240 அங்குலமும் 1700 அடி-பவுண்டும் (சுமார் 2300 ஜூல்) கேட்கிறது. .243 அந்த வாசலில் தலை இடிக்காமல் நுழைந்துவிடுகிறது. ஜெர்மனியில் சின்ன ரோ மானுக்கு 100 மீட்டரில் 1000 ஜூல் இருந்தால் போதும், ஆனால் செம்மானுக்கும் ஃபேலோ மானுக்கும் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் குண்டும் 2000 ஜூலும் வேண்டும். அங்கே அதே .243, விட்டம் 6.2 மில்லிமீட்டர்தான் என்பதால், வெளியே நிற்க வேண்டியதுதான். அமெரிக்காவில் கொலராடோ .24 என்கிறது, வர்ஜீனியா .23 என்கிறது, இன்னும் பல மாநிலங்கள் .223-ஐயே அனுமதிக்கின்றன. மானின் உடம்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான். சட்டம் எழுதுபவர்கள் சுடுகிறவர்களின் கையை எவ்வளவு நம்புகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இப்போது .223. கரூவில் ஸ்பிரிங்பக்குக்கு அதை விரும்பிப் பயன்படுத்தினேன். வெட்டவெளி, மெல்லிய உடம்பு, பைபாட் (இரட்டைக் கால் தாங்கி) போட்டுப் படுத்துச் சுடலாம், சத்தம் குறைவு. இறைச்சிக்காகத் தலையில் சுடுகிற தொழில்முறை ஆட்கள் பலர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். பிரச்சினை காற்று. மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்றில் 55 கிரெயின் குண்டு 200 மீட்டருக்குள் சுமார் 12 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். ஸ்பிரிங்பக்கின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஒரு சின்னச் சாப்பாட்டுத் தட்டுக்கு மேல் இல்லை. மதியத்துக்கு மேல் கரூக் காற்று எழும்பினால் நான் ரைஃபிளை உறையில் போட்டுவிடுவேன், கூட வந்தவர்கள் முணுமுணுத்தாலும் சரி. இன்னொன்று, கடைகளில் மலிவாகக் கிடைக்கும் .223 குண்டுகளில் பாதிக்கு மேல் நரி மாதிரிச் சின்ன விலங்குகளுக்குச் செய்தவை. தோலைத் தாண்டியதும் சிதறும். தோள் எலும்பில் பட்டால் மேலே பெரிய புண், உள்ளே ஒன்றும் போய்ச் சேராது. 60 கிரெயினுக்கு மேல், மானுக்கென்றே செய்த குண்டு போட்டால் கதை மாறும். ஆனால் பழைய குழாய்கள் பலவற்றில் ட்விஸ்ட், அதாவது குண்டைச் சுழற்றும் உள்வரிகளின் முறுக்கு, 1:12 (12 அங்குலத்துக்கு ஒரு சுற்று). நீளமான குண்டு அதில் நிலைப்படாது. வாங்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

.243-க்கு மாறிய பிறகு அந்தக் கணக்கெல்லாம் லேசானது. 100 கிரெயின் குண்டு அதே காற்றில் 8 சென்டிமீட்டர் அளவுதான் நகரும். 100 மீட்டரில் 4 சென்டிமீட்டர் மேலே படும்படி ஸ்கோப்பை வைத்துவிட்டேன். 200 வரைக்கும் எதையும் யோசிக்காமல் குறி வைக்கலாம். கொக்ஸ்டாட் பக்கத்துப் புல்வெளியில் பிளெஸ்பக் கூட்டம் 150 மீட்டருக்குள் நெருங்க விடுவது அபூர்வம். அங்கே குண்டின் இந்த நேர்கோட்டுப் பயணம் உண்மையிலேயே உதவுகிறது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பட்டால் பிளெஸ்பக் ஐம்பது அறுபது மீட்டர் ஓடி விழும். .308-இல் அடித்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான் ஓடுகிறது, கூட வந்தவர்களின் வேட்டையில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்த ரைஃபிளை நான் வைத்திருப்பதற்கு முதல் காரணம் இந்த எண்களெல்லாம் இல்லை, உதைதான். .243-இன் உதை .308-இன் உதையில் பாதிக்குச் சற்று மேல். முனையில் சைலன்சர் மாட்டினால் இன்னும் குறையும். இந்த நாட்டில் அதற்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும்போது கண்ணை மூடுவான், தோளை முன்னே தள்ளுவான், குண்டு வயிற்றில் போய் இறங்கும். பெரிய கேலிபரில் வயிற்றில் பட்ட மான் சின்னக் கேலிபரில் நுரையீரலில் பட்ட மானைவிடத் தூரம் ஓடும். எங்கள் அக்கா மகள் முதல் இம்பாலாவை என் பக்கத்தில் உட்கார்ந்து இதில்தான் அடித்தாள். லைசென்ஸ்காரர் உடனிருந்து மேற்பார்வை செய்தால் சட்டம் அதை அனுமதிக்கிறது. "மாமா, இது உதைக்கவே இல்லையே" என்று மறு தோட்டாவுக்குக் கை நீட்டினாள். அவளுடைய அப்பாவின் பெரிய .30-06 ரைஃபிளை ஒரே தரம் சுட்டுவிட்டு, அதற்கப்புறம் பக்கத்திலேயே போகாதவள் அவள்.

சரி, எங்கே இது கைவிடும்? ஸூலுலாந்து முட்புதரில். பொங்கோலா, முகூஸே பக்கம் இம்பாலா நாற்பது மீட்டரில் நிற்கும், ஆனால் அடித்த மறு நொடியே புதருக்குள் போய்விடும். சின்னக் குண்டு பல தடவை மறுபக்கம் வெளியே வராது. வந்தாலும் துளை சின்னது. தரையில் ரத்தம் விழ நேரமாகும், தடம் பார்ப்பவர் பாடு திண்டாட்டம். மோப்பம் பிடித்துத் தேடும் ஜாக் ரஸல் நாய் வைத்திருக்கிற பண்ணை கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இந்த ஊர் வழக்கப்படி காயம் பட்டு ஓடி மறைந்த விலங்குக்கும் முழுப் பணம் கட்டியாக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் புதர்க்காட்டில் விலங்கு பக்கவாட்டில் முழுசாகத் திரும்பி நிற்கும் வரை நான் விசையைத் தொடுவதில்லை. சாய்ந்து நிற்கிற நியாலாக் கிடாவின் வயிற்றுப் பக்கமிருந்து எதிர்த் தோள் வரை குண்டு போக வேண்டுமென்றால் அது .243 செய்கிற வேலை இல்லை. குடுவுக்கு நான் இதை எடுத்துப் போனதே கிடையாது, எடுத்துப் போகிறவர்களோடு வாதாடுவதும் கிடையாது.

குண்டு விஷயத்தில் 100 கிரெயின் சாஃப்ட் பாயின்ட்டையே (முனையில் ஈயம் தெரியும், பட்டதும் விரியும் குண்டு) நம்புகிறேன். உள்ளூர் பிஎம்பி நிறுவனத் தயாரிப்பு என் குழாய்க்கு ஒத்துப்போகிறது. 80 கிரெயினுக்குக் கீழே போனால் வேகம் கூடும், இறைச்சி பாழாகும். கிட்டத்தில் தோளில் பட்டால் அந்தப் பக்கம் முழுக்க ரத்தம் கட்டிப்போய் நாய்க்குத்தான் ஆகும். முழுச் செம்புக் குண்டு 80, 85 கிரெயினில் விதிவிலக்கு. சிதறாது, ஊடுருவும், இறைச்சியில் ஈயத்துகளும் இருக்காது. விலைதான் கையைக் கடிக்கும்.

இறைச்சிக் கணக்கு எங்கள் வீட்டில் பெரிய கணக்கு. குளிர்கால வேட்டை ஆடி மாசத்தைத் தாண்டி ஓடும், அடுத்து புரட்டாசி வந்துவிடும். அந்த மாசம் இங்கே பாதித் தமிழ் வீடுகளில் கறிச்சட்டியே அடுப்பில் ஏறாது. எனவே ஆவணி முடிவதற்குள் ஃப்ரீசர் காலியாக வேண்டும்: தொடைக்கறி கொத்தமல்லியும் வினிகரும் போட்டு பில்டாங் (உப்புக்கண்டம் மாதிரிக் காயவைத்த இறைச்சி), மீதி மசாலாவில். பிளெஸ்பக் ஒன்று, அளவாக, தோள் கெடாமல் கிடைத்தால் வீட்டுக்கு அதுவே போதும். பெரிய கேலிபர் வாங்கிப் பெரிய விலங்கு அடித்து என்ன செய்யப் போகிறோம் என்று வீட்டில் கேட்கிறார்கள், என்னிடம் பதில் இல்லை.

பராமரிப்பில் ஒன்று சொல்ல வேண்டும். .243 குழாயின் தொண்டையை, அதாவது தோட்டா அறைக்கு அடுத்த தொடக்கப் பகுதியை, சீக்கிரம் தின்னும் கேலிபர். வேட்டைக்கு மட்டும் சுடுகிறவருக்கு அது வாழ்நாளுக்கும் காணும், வாராவாரம் ரேஞ்சுக்குப் போகிறவருக்குக் காணாது. சாதாரண லைசென்ஸில் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வீட்டில் வைக்கவும் கூடாது. பயிற்சிக்கு .22 ரிம்ஃபயரைத்தான் எடுக்கிறேன், அது மலிவும்கூட.

முதல் ரைஃபிள் வாங்குகிறவர் இம்பாலா, பிளெஸ்பக், ஸ்பிரிங்பக்கோடு நிற்பவரென்றால் .243 வாங்கட்டும். நியாலாவும் குடுவும் மனசில் இருந்தால் .308 அல்லது 7x57. இந்த 7x57 போயர் போர்க் காலத்திலிருந்தே இந்த மண்ணில் பேர் வாங்கிய தோட்டா, உதையும் கொடுமையாக இருக்காது. .223 இரண்டாவது ரைஃபிளாக இருக்கட்டும். என் ஹோவாவின் குழாயில் ட்விஸ்ட் 1:10, அதனால் புதிதாக வருகிற நீளமான, கனமான குண்டுகளை அது ஏற்காது. தேய்ந்து மாற்ற வேண்டி வந்தால் அதே .243-இல் 1:8 போடுவதாக உத்தேசம்.