ஸ்டோன்ஹெஞ்சா, ஏவ்பரியா, வுட்ஹெஞ்சா?

மூன்றும் வரலாற்றுக்கு முந்தைய காலத்து வட்டச் சின்னங்கள்; தெற்கு இங்கிலாந்தின் வில்ட்ஷயரில்தான் இருக்கின்றன. ஒன்றைத்தான் பார்க்க நேரம் என்றால், தயங்காமல் ஏவ்பரி என்பேன்.

‘ஹெஞ்ச்’ என்பது ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து பிய்த்தெடுத்த சொல். பழைய ஆங்கிலத்தில் முன்பாதிக்குக் கல் என்று பொருள். பின்பாதியைத் தொங்குவதோடு தொடர்புபடுத்துகிறார்கள். 1932-ல் தொல்லியலாளர் தாமஸ் கென்ட்ரிக் அந்தப் பின்பாதியை இந்த வகைச் சின்னங்களுக்கெல்லாம் பொதுப்பெயராக்கினார். இன்று தொல்லியலாளர்கள் சொல்லும் இலக்கணம் இதுதான்: வட்டமான மண்கரை, அதற்கு உள்பக்கம் அகழி. நடுவில் கல்லோ மரத்தூணோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காவலுக்கு என்றால் அகழியை வெளியே அல்லவா வெட்டியிருப்பார்கள்? ஆக, இவை கோட்டைகள் இல்லை. ஆனால் ஸ்டோன்ஹெஞ்சில் பிரதான கரை உள்ளே, அகழி வெளியே. பெயரைத் தந்த இடமே இலக்கணத்துக்கு வெளியே நிற்கிறது.

ஏவ்பரி அந்த இலக்கணத்துக்கு அச்சு அசல். வெளிக் கல்வட்டத்தின் குறுக்களவு மட்டும் 330 மீட்டர் அளவுக்கு வரும். உள்ளே ஒரு ஊரின் ஒரு பகுதியே குடியிருக்கிறது. மான்கொம்புகளால் தோண்டிய அகழி ஒரு காலத்தில் 9 மீட்டர் ஆழம் வரை இருந்தது. பாதிக்கு மேல் தூர்ந்த பிறகும் விளிம்பில் நின்றால் மலைப்பாக இருக்கும். வீடு கட்டுவதற்காகப் பிற்காலத்தில் பல கற்களைத் தீமூட்டி உடைத்துவிட்டார்கள். 1930-களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கெய்லர் புதைந்து கிடந்தவற்றைத் தோண்டியெடுத்து நிறுத்தினார். கற்களைத் தொட்டுப் பார்க்கலாம், நடுவே நடக்கலாம்.

ஸ்டோன்ஹெஞ்சில் வழக்கமான நேரத்தில் சற்றுத் தள்ளித்தான் நிற்க வேண்டும். ஆனால் வேலைப்பாட்டில் அதற்கு ஈடில்லை. உத்தரக்கல் விழுந்துவிட்ட ஒரு பெரிய தூணின் உச்சியைப் பாருங்கள்: கல்லிலேயே செதுக்கிய முளை துருத்திக்கொண்டு நிற்கும். உத்தரத்தின் அடியில் அதற்கேற்ற குழி. தச்சர் மரத்தில் செய்கிற அதே பொருத்து, 20 டன்னுக்கு மேல் எடையுள்ள கற்களில்!

வுட்ஹெஞ்சைப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். 1925-ல் விமானத்திலிருந்து எடுத்த படத்தில் புள்ளிகளாகத் தெரிந்த இடம் அது. தொல்லியலாளர் மாட் கன்னிங்டனும் அவர் கணவரும் தோண்டியபோது ஆறு சுற்றுகளாகத் தூண்குழிகள் கிடைத்தன. இப்போது அவற்றில் குட்டையான கான்கிரீட் தூண்கள் நிற்கின்றன, அவ்வளவுதான். ஆனாலும் ஸ்டோன்ஹெஞ்சுக்கு முன் இங்கே ஒரு அரைமணி நேரம் செலவழியுங்கள். நடுவே வெறும் 3 கிலோமீட்டர்தான். இவ்வளவு பெரிய மரவேலை தெரிந்த ஊர் என்று பார்த்துவிட்டுப் போனால், அந்தக் கல் முளை எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.