நாவலா, படமா: நான்கு அறிவியல் புனைவுகள்

மதுரையில் அறிவியல் புனைவு வாசிக்கும் நான்கு பேர் கூடினால், நாவல் சிறந்ததா, அதிலிருந்து எடுத்த படம் சிறந்ததா என்ற வழக்கு வந்துவிடுகிறது. ரயில் நிலையத்துக்கு அருகே விக்டோரியா எட்வர்டு மன்றக் கட்டிடத்தில் நூலகத்தையும், ஆங்கிலப் படங்கள் ஓடிய ரீகல் திரையரங்கையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த ஊருக்கு இந்த வழக்கு புதிதல்ல. புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இல் திறக்கப்பட்ட பிறகு அங்கே நான் பேசிப் பார்த்த கல்லூரி மாணவர்களில் பலர், முதலில் படத்தைப் பார்த்துவிட்டுப் பிறகே நாவலைத் தேடி வருகிறார்கள். நாவலில் இருந்த எது படத்தில் இல்லை என்று பட்டியல் போடுவதோடு அவர்கள் பேச்சு நின்றுவிடுகிறது. அந்த அளவுகோல் போதாது. நல்ல அறிவியல் புனைவு, 'இப்படி ஆனால் என்ன நடக்கும்' என்ற ஒரு கேள்வியிலிருந்து முளைக்கிறது. அந்தக் கேள்வி திரைக்கு வந்த பிறகும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதே நியாயமான ஒப்பீடு.

ஃபிராங்க் ஹெர்பெர்ட்டின் 'டியூன்' 1965இல் வெளிவந்தது. டேவிட் லிஞ்ச் 1984இல் அதை ஒரே படமாகச் சுருக்கினார். அந்த அவசரத்தில் கதை மூச்சுத் திணறியது. டெனி வில்நெவ் அதே நாவலை 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் இரண்டு படங்களாகப் பிரித்துக்கொண்டார். தண்ணீர் அரிதாகிப்போன ஒரு கோளில் மனிதர்களின் ஒழுக்கமும் அதிகாரமும் எப்படி மாறும் என்பதே நாவலின் கேள்வி. சித்திரைத் திருவிழா நெருங்கும்போது வைகை அணையிலிருந்து தண்ணீர் வந்து சேருமா என்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. நாவலில் ஒரு பேரீச்ச மரத்துக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் தண்ணீர் வேண்டும், ஒரு மனிதனுக்கு 8 லிட்டர் போதும், ஆகவே ஒரு மரம் 5 பேருக்குச் சமம், மாளிகை முன் நிற்கும் 20 மரங்கள் 100 பேருக்குச் சமம் என்று மருத்துவர் யூவே ஜன்னலோரம் நின்று கணக்குச் சொல்கிறார். வில்நெவ் இதே கணக்கை, வெயிலில் அந்த மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் தோட்டக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறார். இந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. மாளிகைக்குள் இருப்பவரின் கவலையாக இருந்த எண், தண்ணீரைக் கையில் ஏந்தி நிற்பவரின் வாயிலிருந்து வரும்போது கனம் கூடுகிறது.

ஆனால் நாவலின் விருந்துக் காட்சியைப் படம் விட்டுவிட்டது; அதுதான் பெரிய இழப்பு. விருந்துக்கு வரும் பிரபுக்கள் கைகழுவும் தண்ணீரை வேண்டுமென்றே தரையில் சிந்தி, துண்டால் துடைத்து அந்த ஈரத்தில் எறிவது அங்கே வழக்கம்; துண்டைப் பிழிந்து வரும் தண்ணீருக்காக ஏழைகள் வெளியே காத்து நிற்பார்கள். அந்தக் கோளை ஆள வந்த கோமகன் லீட்டோ அந்த வழக்கத்தை நிறுத்தி, விருந்து நடக்கும் நேரத்தில் வாசலுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு குவளைத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார். கோடையில் தெருமுனையில் பந்தல் போட்டு மோரும் தண்ணீரும் கொடுக்கும் நம் ஊரில், அந்த ஆணையின் அரசியலும் அறமும் எவருக்கும் உடனே புரியும். பாலைவனத்தில் வாழும் ராட்சத மணல்புழுவின் பிரம்மாண்டத்துக்கு நிமிடங்களை அள்ளிக் கொடுத்த படம், இந்தக் காட்சிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம். பாலைவனத்தின் பரப்பைக் காட்டுவதில் படம் வெல்கிறது. தண்ணீர் எப்படி அதிகாரமாகிறது என்று சொல்வதில் நாவலே முன்னே நிற்கிறது.

ஆண்டி வியர் 2011இல் தானே வெளியிட்ட 'தி மார்ஷியன்', ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் 2015இல் படமானது. செவ்வாயில் தனியே விடப்பட்ட தாவரவியலாளன் மார்க் வாட்னி, ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசினிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து எரித்துத் தண்ணீர் உண்டாக்கி உருளைக்கிழங்கு பயிரிடுகிறான். படத்தில் ஒரு வெடிப்பு அவனைத் தூக்கி எறிகிறது. நாம் சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போகிறோம். நாவலிலோ, எரியாத ஹைட்ரஜன் கூடாரம் முழுவதும் பரவியிருப்பதை அவன் கண்டுபிடித்து, அதை ஆபத்தில்லாமல் தீர்ப்பதற்கு வழி தேடும் பக்கங்கள்தான் சுவையானவை. கடைசிப் பயணத்தில் எதிர்ப்படும் புழுதிப் புயலின் போக்கை, வெவ்வேறு இடங்களில் வைத்த சூரியத் தகடுகளின் மின் அளவை ஒப்பிட்டே அவன் கணிக்கும் பகுதி படத்தில் அறவே இல்லை. வாட்னியின் சிந்தனைதான் அந்த நாவலின் கதை என்பதால், இங்கே என் வாக்கு நாவலுக்கே. நாவலில் வெறும் யோசனையாக எழுந்து பயணக் குழுத் தலைவி லூயிஸால் மறுக்கப்படும் சாகசத்தை, அதாவது விண்வெளி உடையின் கையுறையைத் துளைத்து வெளியேறும் காற்றின் உந்துதலில் பறப்பதை, படம் உண்மையிலேயே நடத்திக் காட்டுவது, கணக்குப் போட்டுப் பிழைத்த மனிதனைக் கடைசி நிமிடத்தில் சாகச நாயகனாக்கிவிடுகிறது.

'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில் எது மூலம் என்ற கேள்வியே எழாது. ஆர்தர் சி. கிளார்க்கும் ஸ்டான்லி குப்ரிக்கும் நாவலையும் திரைக்கதையையும் ஒன்றாக வளர்த்தார்கள். 1968இல் முதலில் படமும் சில மாதங்களில் நாவலும் வந்தன. நாவல் சனிக் கோள் வரை போகிறது. சனியின் வளையங்களை நம்பும்படி திரையில் கொண்டுவர முடியாததால் படம் வியாழனோடு நின்றது. பயண நோக்கத்தைக் குழுவினரிடமிருந்து மறைக்க வேண்டிய நிலை, விண்கலத்தை இயக்கும் ஹால் கணினியை எப்படிச் சிதைத்தது என்று நாவல் தெளிவாகச் சொல்கிறது. படம் ஒரு சிவப்புக் கண்ணை மட்டும் காட்டிப் பேசாமல் இருக்கிறது. முதலில் படத்தைப் பார்த்து அந்த மௌனத்தில் திகைத்துவிட்டு, பிறகு கிளார்க்கிடம் விளக்கம் கேட்பதே சரியான வரிசை.

டெட் சியாங் 1998இல் எழுதிய 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' நாவலைவிடச் சிறியது. ஒரே மாலையில் வாசித்துவிடலாம். வில்நெவ் அதை 2016இல் 'அரைவல்' ஆக்கினார். பூமிக்கு வந்த வேற்றுக்கோள் உயிர்களின் மொழியைக் கற்கும் மொழியியலாளர் லூயிஸ் பேங்க்ஸ், அதனால் தன் எதிர்காலத்தையும் முன்கூட்டியே அறிந்துவிடுகிறாள் என்பதே கதை. காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் ஒளி, மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையிலேயே போகிறது என்பது ஃபெர்மாவின் விதி. அப்படியானால் புறப்படும்போதே அது போய்ச் சேரும் இடத்தை அறிந்திருக்க வேண்டும் போல் தோன்றுகிறதே என்ற வியப்பின் மேல் சியாங் தன் கதையைக் கட்டுகிறார். படம் இந்த இயற்பியலை விட்டுவிட்டு மொழியை மட்டும் வைத்துக்கொண்டது. அதற்கு ஈடாக அந்த உயிர்கள் எழுதும், மைக்கறைபோல் காற்றில் விரியும் வட்ட எழுத்துகளைக் கொடுத்தது. தொடக்கமும் முடிவும் இல்லாத ஒரு வாக்கியத்தை ஒரே பார்வையில் கண்முன் நிறுத்த எந்த உரைநடையாலும் முடியாது.

என் வருத்தம் லூயிஸின் மகளுடைய மரணம் பற்றியது. கதையில் அவள் 25 வயதில் மலையேறும்போது விழுந்து இறக்கிறாள். ஒரு தாய் தடுக்க முயன்றிருக்கக்கூடிய மரணம் அது. அதை முன்கூட்டியே அறிந்தும் லூயிஸ் பேங்க்ஸ் அந்த வாழ்க்கைக்குள் அடியெடுத்து வைப்பதால்தான் விருப்பமும் விதியும் பற்றிய கேள்வி வாசகரை உறங்கவிடாமல் செய்கிறது. படத்தில் அவள் பதின்ம வயதில் நோயால் இறக்கிறாள். எந்தத் தாயாலும் தடுக்க முடியாத மரணம் என்பதால் கண்ணீர் பெருகுகிறது, கேள்வி மழுங்குகிறது. போதாததற்கு, எதிர்காலத்திலிருந்து கிடைத்த தகவலைக் கொண்டு சீனத் தளபதியிடம் பேசிப் போரை நிறுத்தும் திருப்பத்தையும் படம் சேர்த்துக்கொண்டது. வருவதை அறிந்தவள் அதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை, அதன்படி வாழ்கிறாள் என்ற கதையின் தர்க்கத்துக்கு அது நேர் எதிர். இந்த ஓர் இணையில் மட்டும் கதையைக் கட்டாயம் முதலில் வாசித்துவிடுங்கள். மகளைப் பற்றிய லூயிஸின் நினைவுகள் எந்தக் காலத்தைச் சேர்ந்தவை என்பதைச் சியாங் முதல் பக்கத்திலிருந்தே மறைக்காமல் சொல்லிச் செல்கிறார். படமோ அதைப் புதிராகக் கடைசி வரை கட்டிக் காக்கிறது. புதிரை அவிழ்த்த பிறகு கதைக்கு வருபவருக்கு, அவளுடைய முடிவைவிடப் படத்தின் திருப்பமே நினைவில் நிற்கும்.